கோடு நிறைய இருக்கிறது, வீடியோ ஏன் போகவில்லை?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: சிக்னல் இருக்கிறது, வேலை நடக்கவில்லை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பண்பேற்றத்தை, அதாவது தகவலை அலைமேல் ஏற்றி அனுப்பும் முறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பிளஸ் டூ இயற்பியலில் வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம் என்று படித்துவிட்டு எல்லோரும் மறந்துவிடும் பாடம் அது. எனக்கோ இருபது வருடமாக அதுதான் சோறு போடுகிறது.

மதுரை செல்லூரிலிருந்து ஒரு வாசகி: மேடம், அழகர் ஆற்றில் இறங்குவதை வெளிநாட்டில் இருக்கும் என் மகளுக்கு வீடியோ காலில் காட்ட ஆசைப்பட்டேன். போனில் முழுக் கோடும் இருந்தது, 4ஜி என்றும் போட்டிருந்தது. படம் மட்டும் நகரவே இல்லை. அந்தக் கோடு பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை அம்மா. டவர் அனுப்பும் ஒரு குறிப்பு அலை உங்கள் போனில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. உங்கள் வீடியோ போவதற்கு வேறு மூன்று விஷயங்கள் வேண்டும். வந்து சேரும் அலை சுத்தமாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்புவது டவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். டவரில் உங்களுக்கு இடம் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட அந்தக் கோடு காட்டாது.

முதலில் சுத்தம். போனும் டவரும் ஓர் அலையின் உயரத்தையும் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் நிற்கிறது என்பதை) மாற்றி மாற்றித்தான் தகவல் அனுப்புகின்றன. அந்த மாற்றங்களைத் தாளில் வரைந்தால் நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு வைக்கும் புள்ளிகளைப் போலவே இருக்கும். இரண்டு புள்ளி இரண்டு வரிசை வைத்தால் 4 புள்ளி, அதற்குக் கியூ.பி.எஸ்.கே. என்று பெயர், ஒரு தடவை அனுப்பினால் 2 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம் இரண்டு) போகும். நாலு புள்ளி நாலு வரிசை என்றால் 16 க்வாம், 4 பிட். எட்டுக்கு எட்டு 64 க்வாம், 6 பிட். பதினாறு புள்ளி பதினாறு வரிசை 256 க்வாம், 8 பிட். வாசலின் அளவு மட்டும் மாறாது, ஏனென்றால் அனுப்பும் சக்திக்கு ஒரு வரம்பு இருக்கிறது. புள்ளியைக் கூட்டக் கூட்ட அவை நெருங்கத்தான் வேண்டும். வழியில் இரைச்சலும் பக்கத்து டவரின் அலையும் கலந்து ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் நகர்த்திவிடும். நாலு புள்ளி மட்டும் இருந்தால் நிறையவே நகர்ந்தாலும் பெரும்பாலும் இது எந்தப் புள்ளி என்று அடையாளம் காணலாம். 256 இருந்தால் ஒரு சின்ன நகர்விலேயே பக்கத்துப் புள்ளியோடு குழம்பிவிடும்.

ஆகவே டவர் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தனக்கு வரும் அலை எவ்வளவு சுத்தம் என்று உங்கள் போன் 1 முதல் 15 வரை ஒரு மதிப்பெண்ணை அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கும். 4ஜியின் அடிப்படை அட்டவணைப்படி 1 முதல் 6 வரை கியூ.பி.எஸ்.கே., 7 முதல் 9 வரை 16 க்வாம், 10 முதல் 15 வரை 64 க்வாம். பிழை திருத்துவதற்காகச் சேர்க்கும் கூடுதல் பிட்டுகளின் அளவும் இதோடு மாறும். மதிப்பெண் 1 வாங்கிய போனுக்கும் 15 வாங்கிய போனுக்கும், அதே இடத்தில் அதே நேரத்தில் போகும் தகவலில் ஏறக்குறைய 36 மடங்கு வித்தியாசம். இரண்டு போனிலும் கோடு ஒன்றாகவே இருக்கக்கூடும்.

காரில் சுற்றிச் சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட் வேலையில் இருந்தபோது இதைத் தினமும் கண்ணால் பார்த்திருக்கிறேன். காரில் மடிக்கணினி, ஜி.பி.எஸ்., டாஷ்போர்டில் ஒட்டிய நாலு போன். திரையில் ஒரு பக்கம் பலத்தின் வரைபடம், இன்னொரு பக்கம் சுத்தத்தின் வரைபடம். தூத்துக்குடி பக்கத்துச் சமவெளியில் மலையோ மரமோ மறைக்காததால் மூன்று டவர்களின் அலை ஒரே பலத்தில் வந்து விழும் இடங்கள் உண்டு. அங்கே பலத்தின் வரைபடம் முழுக்கப் பச்சை, சுத்தத்தின் வரைபடம் முழுக்கச் சிவப்பு. ஊர்க்காரர்கள், "டவர் பக்கத்துலயே இருக்கு, நெட்டு மட்டும் வரல" என்பார்கள். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி.

இரண்டாவது, எதிர்த் திசை. நீங்கள் பார்த்த கோடு டவரிலிருந்து உங்களுக்கு வரும் அலையைப் பற்றியது. வீடியோ போக வேண்டியதோ உங்களிடமிருந்து டவருக்கு. உங்கள் 4ஜி போன் அனுப்பும் சக்தி அதிகபட்சம் 200 மில்லிவாட். வைகைக் கரையில் லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் போனைத் தூக்கிப் பிடிக்கும்போது, பக்கத்து டவர்களோடு பேசும் போன்களின் அலையெல்லாம் உங்கள் டவரின் காதில் இரைச்சலாக விழும். உடனே அது எல்லோரையும் கியூ.பி.எஸ்.கே.வுக்கு இறக்கிவிடும்.

மூன்றாவது, இடம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி அலைவரிசையில் நொடிக்கு 1 கோடியே 68 லட்சம் புள்ளிகள் அனுப்பலாம். கியூ.பி.எஸ்.கே.யில் ஒவ்வொன்றும் 2 பிட். பாதியைப் பிழைதிருத்தத்துக்குக் கொடுத்தால் மிஞ்சுவது நொடிக்கு 16.8 மெகாபிட். அதை 200 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 84 கிலோபிட். வீடியோ கால் ஓரளவு தெளிவாக ஓட இதைப்போலப் பத்து மடங்காவது வேண்டும்.

அடுத்த வருடம் இப்படிச் செய்து பாருங்கள். ஆற்றுக்குள் நின்று நேரலைக்கு முயலாமல் பதிவு செய்துகொண்டு, கூட்டத்தைவிட்டு நாலைந்து தெரு தள்ளி வந்து அனுப்புங்கள். வேறொரு டவரின் வேறொரு பக்கத்துக்கு வந்துவிட்டாலே நிலைமை மாறிவிடும். போன் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. பலத்தைக் காட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் சுத்தத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். அந்த எண் போனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, திரைக்குக் கொண்டுவருவது மட்டும்தான் பாக்கி.

தேனியிலிருந்து ஒரு வாசகர்: முன்பெல்லாம் போன் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் பக்கத்தில் இருக்கும் ரேடியோவில் "டிட்டிட்டிட் டர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். இப்போது காணோமே?

அது 2ஜியின் சத்தம். அந்த முறையில் ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் நேரம் பிரித்துப் பங்கிடுவார்கள். உங்கள் முறை வரும்போது மட்டும் போன் படாரென்று அனுப்பிவிட்டு அணைந்துவிடும். 4.615 மில்லிவினாடிக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்கு 217 தடவை. 217 ஹெர்ட்ஸ் நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால் ரேடியோவின் ஒலிபெருக்கிச் சுற்று அதை வாங்கி அப்படியே பாடிவிடும். இன்றும் உங்கள் போன் 2ஜிக்கு இறங்கினால் கேட்கலாம்.

விருத்தாசலத்திலிருந்து ஒரு வாசகர்: சென்னையிலிருந்து ரயிலில் வரும்போது நெட் படுத்துகிறது. இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன், "சித்தப்பா, அது டாப்ளர் விளைவு" என்கிறான். சரிதானா?

டாப்ளர், அதாவது நகரும்போது அலையின் அதிர்வெண் மாறித் தெரிவது, இருக்கிறது. ஆனால் அதுமட்டும் இவ்வளவு கெடுத்துவிடாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ரயில் 110 கிலோமீட்டர் வேகம், அலை 1800 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் நகர்வு ஏறக்குறைய 183 ஹெர்ட்ஸ். 4ஜி தகவலைப் பல துணை அலைகளாகப் பிரித்து அனுப்புகிறது; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 15,000 ஹெர்ட்ஸ். 183 அதில் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. 350 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்படிதான் 4ஜியை வகுத்தார்கள்.

உண்மையான தொல்லை வேறு. டவரின் அலை உங்களிடம் ஒரே வழியில் வருவதில்லை. கட்டடம், பாலம், பக்கத்துப் பெட்டி என்று பல இடங்களில் மோதிப் பல வழியாக வருகிறது. அவை ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், இன்னோரிடத்தில் அடித்துக்கொள்ளும். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 16.7 சென்டிமீட்டர் என்பதால், பாதி அலைநீளமான 8 சென்டிமீட்டர் நகர்ந்தாலே நல்ல இடம் கெட்ட இடமாகிவிடலாம். உங்கள் ரயில் அந்த 8 சென்டிமீட்டரைக் கடக்க எடுப்பது 3 மில்லிவினாடிக்கும் குறைவு. போன் சொன்ன மதிப்பெண் டவருக்குப் போய், டவர் அதைப் பார்த்து முறையைத் தேர்ந்து அனுப்புவதற்குள் அந்த மதிப்பெண் பழசாகிவிடுகிறது. 64 க்வாமில் அனுப்பியது பிழையாகி, மறுபடி அனுப்பி, அதுவும் போதாமல் டவர் கடைசியில் எச்சரிக்கையான முறைக்கே இறங்கிவிடும். வேகம் குறைவதற்கு இது பெரிய காரணம்.

இதோடு ஏ.சி. பெட்டியின் இரும்பு உடலும் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடியும் சேர்ந்து அலையின் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. அப்புறம் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறும் நேரம். அந்த இடத்தில் ரயிலில் உள்ள நூற்றுக்கணக்கான போன்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே புது டவரின் கதவைத் தட்டும். திறந்த ஜன்னல் உள்ள ஸ்லீப்பர் பெட்டியில் நிலைமை பெரும்பாலும் தேவலை. அண்ணன் மகனிடம், பாதி மதிப்பெண் உண்டு என்று சொல்லுங்கள்.

கல்வராயன் மலையிலிருந்து ஓர் ஆசிரியர்: எங்கள் பள்ளியில் பட்டன் போனில் நன்றாகப் பேச முடிகிறது. ஸ்மார்ட்போனில் நெட் வருவதே இல்லை. மாணவர்களின் விவரங்களைப் பதிவேற்ற மேட்டுக்கு ஏறிப் போக வேண்டியிருக்கிறது. பழைய தொழில்நுட்பமே மேல் இல்லையா?

ஐயா, பழையதில் ஒரு பெரிய நல்ல குணம் இருந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். 2ஜி பயன்படுத்திய ஜி.எம்.எஸ்.கே. முறையில் அலையின் உயரம் மாறவே மாறாது. கட்டம் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். உயரம் மாறாததால் போனுக்குள் இருக்கும் பெருக்கியை அதன் முழுத் திறனுக்கும் ஓட்டலாம், அலை சிதையாது. 900 மெகாஹெர்ட்ஸில் அந்தப் போன் தன் முறை வரும்போது 2 வாட் வரை அனுப்பும். தாழ்ந்த அதிர்வெண், குறுகிய 200 கிலோஹெர்ட்ஸ் அகலம், உரத்த குரல். மலைச்சரிவைத் தாண்டி அது போய்ச் சேருவதில் ஆச்சரியம் இல்லை.

க்வாம் முறைகளில் அலையின் உயரம் ஒவ்வொரு கணமும் மாறும். 4ஜியில் டவர் 1200 துணை அலைகளை ஒன்றாகக் கூட்டி அனுப்புகிறது. அவை எப்போதாவது ஒரே பக்கம் சேரும்போது பெரிய உச்சி எழும். அந்த உச்சி வெட்டுப்படாமல் இருக்கப் பெருக்கியை எப்போதும் அதன் திறனுக்குக் கீழே ஓட்ட வேண்டும். டவரால் இந்தச் செலவைத் தாங்க முடியும், சின்னப் பேட்டரியில் ஓடும் போனால் முடியாது. அதனால்தான் 4ஜியில் போனிலிருந்து டவருக்குப் போகும் திசைக்கு மட்டும் உச்சி குறைவான வேறொரு முறையை வைத்தார்கள். அப்படியும் உங்கள் போன் பேசும் சக்தி 200 மில்லிவாட்தான். டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்கவில்லை. பதிவேற்றம் நிற்கும் இடம் இதுதான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்த ஒரு வேலையைப் பெருமையோடு சொல்கிறேன். 5ஜிக்கான சர்வதேசத் தேவைகளை வகுத்தபோது, டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர் இடைவெளி, ஆட்கள் நடை வேகத்தில் நகர்கிறார்கள் என்ற கிராமத்துச் சூழலையும் ஒரு சோதனையாகச் சேர்க்கவேண்டும் என்று இந்தியா வாதாடிச் சேர்த்தது. மேலைநாட்டு நகரங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கல்வராயன் மலை அதில் வராது அல்லவா? அந்தத் தேவைக்காகச் சென்னை ஐ.ஐ.டி., ஐதராபாத் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உழைத்தவர்கள் கையில் எடுத்தது பை-பை-டூ பி.பி.எஸ்.கே. என்ற முறை. ஒரு தடவைக்கு ஒரே பிட். அலையைத் தகுந்தபடி செதுக்கினால் அதன் உயரம் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். ஆக, 2ஜியின் அந்த நல்ல குணம் 5ஜிக்குள் திரும்ப வந்துவிட்டது. போன் தன் பெருக்கியைப் பயமில்லாமல் முழுதாக ஓட்டித் தொலைவிலிருந்து பேசலாம். 5ஜிஐ என்ற பெயரில் இந்தியா கொண்டுபோன இந்த வேலை பின்னர் உலகப் பொதுத் தரநிலையோடு இணைந்துவிட்டது.

தரநிலையில் இருப்பது உங்கள் பள்ளி வாசலுக்கு வரும்வரை என்ன செய்வது? சிம் போடும் வெளிப்புற 4ஜி ரவுட்டர் ஒன்றைக் கூரையில் கம்பம் நட்டு, டவரின் திசையைப் பார்த்து மாட்டுங்கள். வீட்டுக்குள் இருக்கும் போனைவிட அதன் ஆன்டெனா பெரியது. டவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வைத்தால் நீங்கள் மேட்டுக்கு ஏறும் வேலையை அது செய்துவிடும். சந்தையில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பது சட்டவிரோதம். அதோடு அது கக்கும் இரைச்சல் டவரின் காதை அடைத்து, அந்த மலையில் இருக்கும் எல்லோருடைய இணைப்பையும் கெடுத்துவிடும்.

கோவை காந்திபுரத்தில் கடை வைத்திருக்கும் வாசகர்: "4096 க்வாம்" என்று பெட்டியில் போட்ட வைஃபை 7 ரவுட்டரை வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். 5ஜிக்கும் 1024 க்வாம் வரப்போகிறது என்கிறார்கள். இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

இந்த ஓர் எண்ணுக்காக என்றால் வேண்டாம். கணக்கு எளிது. 4 புள்ளியிலிருந்து 16-க்குப் போனால் வேகம் இரட்டிப்பு. 16-லிருந்து 64-க்கு 50 சதவீத லாபம், 64-லிருந்து 256-க்கு 33, 256-லிருந்து 1024-க்கு 25, அங்கிருந்து 4096-க்கு வெறும் 20. ஆனால் ஒவ்வொரு படிக்கும் கொடுக்கவேண்டிய விலை ஏறக்குறைய ஒன்றேதான்: அலை 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு, கூடுதல் சுத்தமாக இருக்கவேண்டும். லாபம் தேய்ந்துகொண்டே போகிறது, விலை குறைவதில்லை. தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1948-லேயே காட்டிய எல்லை இது.

வழியில் சேரும் இரைச்சலை விடுங்கள், அனுப்பும் கருவியே புள்ளியைச் சரியான இடத்தில் வைக்கவேண்டும். 4ஜி டவருக்கு 64 க்வாமில் 8 சதவீதப் பிசகு வரை அனுமதி உண்டு. 256 க்வாமில் 3.5 சதவீதம்தான். அதற்கு மேலே போகும் முறைகள் ரவுட்டர் இருக்கும் அதே அறையில், இடையில் சுவர் இல்லாமல் உட்கார்ந்தால் கிடைக்கும். அடுத்த அறைக்குப் போனால் பழைய படிக்கு இறங்கிவிடும். வைஃபை 7-இல் அகலமான அலைவரிசை போன்ற வேறு நன்மைகள் இருக்கின்றன. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லி விற்பதுதான் நியாயம்.

சிவகாசியிலிருந்து ஓர் இறுதியாண்டு மாணவர்: மேடம், பி.பி.எஸ்.கே., கியூ.பி.எஸ்.கே., 16 க்வாம், 64 க்வாம் நான்கையும் மேட்லேபில் ஒப்பிடுவது என் புராஜெக்ட். முதல் இரண்டின் பிழை விகிதக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கைடு, "ப்ரோகிராம் தப்பு" என்கிறார். எங்கே தப்பு?

தப்பு இல்லை தம்பி. கீழ் அச்சில் ஈபி பை என்-நாட், அதாவது ஒரு பிட்டுக்கான ஆற்றலுக்கும் இரைச்சல் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை வைத்திருந்தால் அவை இரண்டும் ஒன்றாகத்தான் விழும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பி.பி.எஸ்.கே. சேர்ந்ததுதான் கியூ.பி.எஸ்.கே.; ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யாது. பிட்டுகளைக் கிரே வரிசையில் (பக்கத்துப் புள்ளிக்குப் போனால் ஒரே ஒரு பிட் மட்டும் மாறும்படி) அடுக்கியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லட்சத்தில் ஒரு பிட் பிழை என்ற இடத்தில் உங்கள் கோடுகள் பி.பி.எஸ்.கே., கியூ.பி.எஸ்.கே. இரண்டுக்கும் 9.6 டெசிபல், 16 க்வாமுக்கு 13.4, 64 க்வாமுக்கு 17.8 என்ற மதிப்புகளுக்குப் பக்கத்தில் வரவேண்டும். வந்தால் உங்கள் ப்ரோகிராம் சரி. கைடிடம் பணிவாக இந்த எண்களோடு போங்கள்.

ஆனால் இதோடு நிறுத்தினால் "மொபைல்" என்ற சொல்லைத் தலைப்பில் போட உங்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் சேர்த்திருப்பது வெள்ளை இரைச்சல் மட்டும். மேலே ரயில் கேள்வியில் சொன்ன ஏற்ற இறக்கத்தை, ராலே ஃபேடிங்காகச் சேர்த்துப் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு பிழை என்ற இடத்தில் பி.பி.எஸ்.கே.க்கு வெறும் இரைச்சலில் 6.8 டெசிபல் போதும். ராலேயில் சராசரியாக 24 டெசிபல் கேட்கும். ஐம்பது மடங்குக்கு மேல் சக்தி! எனக்குக் கல்லூரியில் யாராவது இந்த இரண்டு கோடுகளை ஒரே தாளில் போட்டுக் காட்டியிருந்தால், மொபைல் தொழில்நுட்பம் எதனோடு மல்லுக்கட்டுகிறது என்று முதல் நாளே புரிந்திருக்கும்.

அடுத்து, வாங்கும் பக்கம் இரண்டு ஆன்டெனா வைத்துச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழுவது அரிது என்பதால், ஆயிரத்தில் ஒரு பிழை என்ற அதே இடத்துக்கு ஓர் ஆன்டெனாவுக்கு 11 டெசிபல் அளவு போதும். பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே அலைவரிசையில் பல தகவல் ஓடைகளையே அனுப்பலாம் என்ற மைமோ யோசனைக்கு 1994-இல் காப்புரிமை பெற்றவர்களில் முதன்மையானவர் பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான ஆரோக்கியசாமி பால்ராஜ். 2014-இல் அதற்காக அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. உங்கள் அறிக்கையின் முன்னுரையில் அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் கோடுகளின் அடிப்பகுதி நடுங்குகிறது. ஒரு லட்சம் பிட் மட்டும் ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் அங்கே ஒன்றிரண்டு பிழைகள்தான் சிக்கியிருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது 100 பிழை சேரும்வரை ஓட்டவேண்டும். லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கவேண்டுமென்றால் ஒரு கோடி பிட். இரவு ஓடவிட்டுத் தூங்குங்கள், காலையில் கோடு நேராகியிருக்கும்.